யார் இங்கே இல்லை?

ஜனவரி 9

என் அன்புத் தங்கச்சிக்கு,

கர்த்தரின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் ஜெபத்துக்கு மண்டியிட்டால் எழுந்திருக்க மறுக்கிறது. இன்னும் கொஞ்சம் ஜெபி என்கிறது போல என்று விட்டுவிட்டேன். உனக்குப் புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? மாப்பிள்ளை வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

நீ போய் இரண்டு மாதத்திலேயே பிள்ளைகள் பிரசங்கத்தை உன்னிடம் கொடுத்துவிட்டார்களாமே. சந்தோஷம். எனக்கு இங்கே அதைக் கொடுக்க நாலு வருடம் பிடித்தது. அதுவரை பிள்ளைகள் உட்காரும் விரிப்பை விரித்து, மடித்து, உதறிக்கொண்டிருந்தேன். சரி, ஒவ்வொரு சபை ஒவ்வொரு மாதிரி.

உதவி கேட்டிருக்கிறாய். பதினோரு வருட அனுபவத்தில் சொல்கிறேன், குறித்துக்கொள். பெரியவர்களின் பிரசங்கத்துக்கு முன்னால் உனக்குக் கிடைப்பது பத்தே நிமிடம். பேசப்போவதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி, வீட்டில் சத்தமாக வாசித்துப் பார். ஒரு பாடத்துக்கு ஒரு பொருள்தான் கையில் இருக்க வேண்டும். பிள்ளைகளைப் பேச விடாதே. விட்டால் சபைக்கு நடுவில் அவரவர் வீட்டுச் சண்டை வெளியே வரும்.

முக்கியமானது நோட்டு. தேதி, பாடம், பொருள், வந்த பிள்ளைகள், கடைசியாக வாசல் நிமிடம். நீ பேச ஆரம்பித்து எத்தனையாவது நிமிடத்தில் முதல் பிள்ளை திரும்பி வாசலைப் பார்க்கிறது, அதுதான் வாசல் நிமிடம். பெரியவர்கள் தூங்கினாலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவார்கள். பிள்ளைகளுக்கு அந்த நாகரிகம் கிடையாது. அவர்கள் வாசலைப் பார்த்தால் நம் பிரசங்கம் முடிந்தது என்று அர்த்தம். என் சராசரி நான்கு. ஒரே ஒரு தடவை ஏழு வந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள், வேத விளக்கத்தை அகராதி வைத்துப் படித்தவள், ஏழு தொட்டிருக்கிறேன். நீ பட்டதாரி. மூன்று வந்தாலும் மனம் தளராதே.

மாதா மாதம் கணக்கை எனக்கு எழுது. போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய்.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்,
அக்கா

ஜனவரி 30

என் அக்காவுக்கு உன் குட்டி எழுதுவது,

நாங்கள் சுகம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, அதோடு விவாதம் செய்யாதே.

முதல் ஞாயிறு என்ன ஆயிற்று தெரியுமா? நீ சொன்னபடியே எழுதினேன், வாசித்தேன், நாலு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்தேன், பையைப் பேருந்தில் விட்டுவிட்டேன். விரிப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கிறார்கள். வேறு வழி தெரியாமல், "பெரியவங்க பிரசங்கத்துல உங்களுக்கு ரொம்பக் கஷ்டமான இடம் எது?" என்று கேட்டேன். ஒருத்தன் எழுந்து, "கடைசியாக ஒன்றுன்னு ஐயா சொல்லுவாரு டீச்சர், ஆனா அது கடைசி இல்ல" என்றான். சபையே குலுங்கியது. போதகர் ஐயாவும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

போன ஞாயிறு தண்ணீரைப் பற்றிய பிரசங்கம். பிள்ளைகள் கையில் ஆளுக்கு ஒரு நூல் கொடுத்தேன். ஐயா 'தண்ணீர்' என்று சொல்லும்போதெல்லாம் ஒரு முடிச்சு. அக்கா, பெரியவர்களின் பிரசங்கத்தை முழுக்க, முப்பத்தைந்து நிமிடமும், ஒரு பிள்ளை விடாமல் கேட்டது! முடிவில் எல்லாரும் பதினேழு முடிச்சு. வாலு என்று நான் பேர் வைத்திருக்கும் ஒருவன் மட்டும் பதினெட்டு. "நடுவுல ஐயா குடிக்கத் தண்ணி கேட்டாருல்ல, அதுவும் தண்ணிதானே?" என்றான். நான் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

நோட்டு வாங்கிவிட்டேன். ஆனால் கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோகிறேன். பிள்ளை ஒன்றின் அம்மா பார்த்தாராம். பத்து நிமிடமும் யாரும் வாசலைப் பார்க்கவில்லை என்றார். அப்படியானால் பத்து என்று எழுதட்டுமா?

எல்லாம் உன்னால்தான்.
குட்டி

பிப்ரவரி 11

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். உன் சுகத்துக்காக ஸ்தோத்திரம்.

பத்து என்று எழுதாதே. நீ பார்க்காததை எழுதினால் அது கணக்கு இல்லை, கதை. பிள்ளையைப் பெற்றவள் சொல்வதை எந்த நோட்டிலும் ஏற்க முடியாது.

இன்னொன்றும் யோசித்தேன். உங்கள் கோயிலில் வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது? பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் இருந்தால், திரும்பிப் பார்க்கக் கழுத்து வலிக்கும். அதனால் பார்க்காமல் இருந்திருக்கலாம். இங்கே வாசல் வலது பக்கம், கண்ணை உருட்டினாலே தெரிகிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால் என் நாலு உன் ஆறுக்குச் சமம்.

நூல் விஷயம். முடிச்சு எண்ணுவது பக்தி ஆகுமா என்று தெரியவில்லை. ஆனாலும் தங்கை சொன்னதைத் தள்ளக் கூடாது என்று நானும் ஒரு முறை நூல் கொடுத்தேன். பலன் சொல்லும்படி இல்லை. இங்கத்திய பிள்ளைகளுக்கு அந்த மாதிரி வேடிக்கை பழக்கம் இல்லை. நோட்டில் அந்த வாரத்தை எழுதவில்லை, பேனா மை தீர்ந்திருந்தது.

பையைப் பேருந்தில் விடுகிற பழக்கத்தை இனியாவது விடு. சின்ன வயதில் உன் பள்ளிக்கூடப் பையைத் தேடிப் பேருந்து நிலையத்துக்கு ஓடியது நான்தான்.

அக்கா

மார்ச் 2

அக்காவுக்கு,

நலமா? மாமாவின் இருமல் எப்படி? உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துச் சிரித்து அடுப்பில் பால் பொங்கிவிட்டது. எங்கள் வாசல் நேர் எதிரே இருக்கிறது. தெரு முழுக்கத் தெரியும். போன வாரம் ஒரு நாய் படியில் வந்து உட்கார்ந்துகொண்டு எங்களையே பார்த்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள், நான்தான் நாயைப் பார்த்தேன். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

உன்னிடம் சொல்ல ஒரு பெரிய செய்தி. போதகர்கள் கூட்டத்துக்கு வந்த உங்கள் ஐயா ஞாயிறு ஆராதனைக்கு எங்கள் கோயிலில்தான் இருந்தார். நான் அன்று பிள்ளைகளைப் பெரியவர்களின் இருக்கையிலும், பெரியவர்களை விரிப்பிலும் உட்காரச் சொன்னேன். எங்கள் பொருளாளர் முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்தார். "இங்கேருந்து பார்த்தா பிரசங்க மேடை இவ்வளவு உயரமாவா இருக்கு!" என்றார். அதுவேதான் அன்றைய பாடம். கடவுள் ஏன் இறங்கி வந்தார் என்பதற்கு நான் வேறு எதுவும் சொல்லவே இல்லை.

உங்கள் ஐயா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரும்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்றார். "உங்க சபையிலதான் இருக்காங்க ஐயா, எங்க அக்கா" என்றேன். அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. உன்னிடம் எதுவும் சொன்னாரா?

குட்டி

ஏப்ரல் 6

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் எழுதத் தாமதம். வீட்டில் வெள்ளையடிப்பு.

ஐயா சொன்னார். என்னிடம் அல்ல, மேடையில் நின்று எல்லாரிடமும் சொன்னார். ஜூலை முதல் ஞாயிறு நான்கு சபைப் பிள்ளைகளும் எங்கள் கோயிலில் கூடுகிறார்கள். அன்றைய பிள்ளைகள் பிரசங்கத்தை நீ செய்ய வேண்டுமாம். அறிவித்த பிறகு எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். நானும் புன்னகைத்தேன்.

ஆராதனை முடிந்து ஐயாவின் அறைக்குப் போனேன்.

"கூட்டு ஞாயிறு எப்பவும் நான்தானே ஐயா செய்வேன்?"

"ஆமாம்மா, உங்களுக்கும் ஓய்வு வேணும்ல? உங்க தங்கச்சி பேசினா பிள்ளைங்க வாயைப் பிளந்துக்கிட்டுக் கேக்குது. உங்க வளர்ப்புதானே!"

"அப்போ நான் என்ன செய்யட்டும்?"

கொஞ்சம் யோசித்தார். "பிள்ளைங்களுக்குத் தண்ணி கொடுக்கிறதைப் பார்த்துக்கோங்களேன்."

ஆகவே ஜூலையில் நான் தண்ணீர் கொடுப்பேன். எத்தனை முடிச்சு விழும் என்று நீ எண்ணிக்கொள்.

விளையாட்டுக்குச் சொன்னேன். நீ அவசியம் வர வேண்டும். உன்னை முறைப்படி அழைத்து எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

நான்கு சபைப் பிள்ளைகள் என்றால் நூறு பேர் வருவார்கள். நூல், நாய் எல்லாம் போதாது. என்னிடம் ஒரு பாடம் இருக்கிறது, யாருக்கும் கொடுத்ததில்லை. தொலைந்த ஆடு. ஆராதனை தொடங்கும் முன் ஒரு பிள்ளையிடம் ரகசியமாகச் சொல்லி, பக்கத்து அறையில் ஒளியச் சொல்லிவிடு. பிறகு விரிப்பில் இருப்பவர்களிடம், "யார் இங்கே இல்லை?" என்று கேள். அவர்கள் தேடுவார்கள், பேரைச் சொல்வார்கள், அப்போது கதவைத் திறந்து அந்தப் பிள்ளையைக் கூட்டி வா. மூன்று வருடத்துக்கு முன் நான் செய்தேன். நோட்டிலிருந்து எழுதுகிறேன்: பிள்ளைகள் 26, வாசல் நிமிடம் 11. பதினோரு வருடத்தில் அதுதான் உச்சம்.

ஒன்றை மட்டும் கவனி. சத்தம் போடாத, ஒதுங்கி உட்காருகிற பிள்ளையாகத் தேர்ந்தெடு. வாலு மாதிரிப் பிள்ளை உள்ளே இருந்து சிரித்துக் காட்டிக் கொடுத்துவிடும். முதலில் உன் சபையில் ஒரு முறை செய்து பார்த்துவிட்டு இங்கே வா.

அக்கா

ஏப்ரல் 15

என் தங்கமான அக்காவுக்கு,

மாமா இருமல் குறைந்ததா? நாங்கள் நலம்.

உன் உச்சப் பாடத்தையே எனக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாயே! படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ ஏழுதான் உச்சம் என்று ஜனவரியில் எழுதியதாக ஞாபகம். நான்தான் எதையாவது தப்பாகப் படித்திருப்பேன். உன் கணக்கு தப்பாது.

ஐயா உன்னைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. இருவரும் சேர்ந்து செய்யலாம், நான் அவரிடம் பேசுகிறேன்.

வருகிற ஞாயிறே செய்யப்போகிறேன். ஒளிய ஒரு பிள்ளையையும் பார்த்துவிட்டேன். எலக்ட்ரீஷியனின் மகள், ஒன்பது வயது, கண்ணாடி என்று கூப்பிடுவார்கள். விரிப்பின் ஓரத்தில் பாதி உடம்பு தரையில் இருக்கும்படி உட்காருவாள். இதுவரை யாரும் எதற்கும் அவளைக் கூப்பிட்டதில்லை. நான் சொன்னதும், "நானா டீச்சர்? நிஜமா நானா?" என்று மூன்று தடவை கேட்டாள். இரண்டு நாளாக வீட்டில் அலமாரிக்குள் மூச்சுச் சத்தம் கேட்காமல் உட்கார்ந்து பழகுகிறாளாம். அவள் அம்மா சொல்லிச் சிரிக்கிறார்.

குட்டி

மே 4

அன்புக் குட்டிக்கு,

உன்னிடமிருந்து தகவலே இல்லை. உடம்புக்கு முடியவில்லையா? போன் அடித்தேன், மாப்பிள்ளை எடுத்து, "அவ படுத்திருக்கா அண்ணி" என்றார்.

அந்தப் பாடத்தை நீ இன்னும் செய்யாமல் இருந்தால் செய்ய வேண்டாம். நன்றாக யோசித்ததில், அது எல்லாச் சபைக்கும் பொருந்தாது என்று தோன்றுகிறது. வேறு பாடங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. இந்த எச்சரிக்கையை மட்டும் உன் ஏப்ரல் கடிதம் வந்த அன்றே எழுதி வைத்தேன். தபாலில் சேர்க்கத்தான் இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

பதில் போடு.
அக்கா

மே 19

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

செய்தேன். கண்ணாடி பக்கத்து அறையில் அங்கிகள் தொங்குகிற கம்பிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கதவை நான்தான் சாத்தினேன். அவள் உட்காருகிற ஓரத்தை மற்ற பிள்ளைகள் நகர்ந்து நிரப்பிவிட்டார்கள். இடம் காலியாகத் தெரிந்தால்தானே?

"யார் இங்கே இல்லை?" என்று கேட்டேன். காய்ச்சலில் கிடக்கிறவன் பேரைச் சொன்னார்கள். ஊர் மாறிப் போன இரட்டையரைச் சொன்னார்கள். இன்னும் பிறக்கவே பிறக்காத ஒரு தம்பியைக்கூட ஒரு பெண் சொன்னாள். பிறகு வாலு எழுந்து எண்ணிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இருக்கோம் டீச்சர்" என்றான்.

குறிப்புக் கொடுத்தேன். "கண்ணாடி போட்டிருப்பாங்க, அமைதியா இருப்பாங்க, யாரு?" என்றேன். ஒருவன், "போதகர் ஐயா!" என்று கத்தினான். சபை முழுக்கச் சிரித்தது. அக்கா, நானும் சிரித்துவிட்டேன்.

கதவைத் திறந்தபோது அங்கிகள்தான் ஆடிக்கொண்டிருந்தன. பின்வாசல் வழியாக அவள் வீட்டுக்கு நடந்து போய்விட்டாள். செருப்பு கோயில் படியிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. செருப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாதான் வாங்கிக்கொண்டார். அவள் உள்ளேயே இருந்தாள்.

உன் பிள்ளைகள் பதினோரு நிமிடம் வைத்த கண் வாங்காமல் தேடியிருக்கிறார்கள். அவ்வளவு அன்பாக நீ அவர்களைப் பழக்கியிருக்கிறாய். நான் சிரிக்க வைக்க மட்டும்தான் பழக்கியிருக்கிறேன் என்று புரிந்துவிட்டது. பிள்ளைகள் பிரசங்கத்தை விட்டுவிட்டேன். உங்கள் ஐயாவுக்கும் எழுதிவிட்டேன், ஜூலையில் அக்காவே செய்யட்டும், அவர் கணக்குப் போல் சுத்தமான கணக்கை நான் பார்த்ததில்லை என்று.

என்னை நினைத்து வருத்தப்படாதே.

குட்டி

ஜூன் 1

என் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது.

ஐயா கூப்பிட்டு அனுப்பினார். உன் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். "தங்கச்சின்னா இப்படி இருக்கணும்" என்றார். ஜூலைக் கூட்டு ஞாயிறு எனக்கே திரும்பி வந்துவிட்டது. தண்ணீருக்கு வேறு ஆள் பார்த்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, என்ன பாடம் செய்யலாம் என்று நோட்டைப் பிரித்தேன். அந்தப் பக்கம்தான் திறந்துகொண்டது என்று சொன்னால் பொய். நான்தான் தேடிப் போய்த் திறந்தேன். அதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்:

தொலைந்த ஆடு. பொருள்: இல்லை. பிள்ளைகள் 26. வாசல் நிமிடம் 2.

பதினொன்று இல்லை, குட்டி. இரண்டு. நீ ஜனவரியில் சரியாகத்தான் படித்தாய்.

தையல் கடைக்காரரின் மகளை நான் ஒளியச் சொன்னேன். அப்போது அவளுக்கு எட்டு வயது, ரொம்ப அமைதி. எங்கள் பிள்ளைகளும் யாரையும் சொல்லவில்லை. "ஒன்று குறைகிறது" என்று எண்ணிக்கை மட்டும் சொன்னேன். எனக்கே அவள் பேர் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பத்து நிமிடம் ஆனதும் ஐயா பிரசங்கத்துக்கு எழுந்துவிட்டார். நடுவில் போய்க் கதவைத் திறந்தால் எல்லாரும் பார்ப்பார்களே என்று நான் என் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆடு தொலைந்தால் மேய்ப்பன் என்ன செய்வான் என்று ஐந்து நிமிடத்துக்கு முன் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரசங்கம் முடிகிற வரைக்கும் முப்பத்தெட்டு நிமிடம் அவள் உள்ளே இருந்தாள். கதவைத் திறந்தபோது அவள் அழவில்லை. "முடிஞ்சிருச்சா ஆன்ட்டி?" என்றாள். அதன் பிறகு அவள் வரவில்லை. நானும் அந்தக் கடைக்குத் துணி கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

இவ்வளவும் தெரிந்துதான் உனக்கு அதைக் கொடுத்தேன். அமைதியான பிள்ளை என்று நான் சொன்னதும் தெரிந்துதான். உன் சபை நடுவில் நீ ஒரே ஒரு தடவை விழித்துக்கொண்டு நிற்க வேண்டும், அது போதும் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளையை நான் நினைக்கவே இல்லை. மே மாதக் கடிதத்தில் இருந்த எச்சரிக்கையை ஏப்ரலிலேயே எழுதி உறையில் போட்டுவிட்டு, தபால்பெட்டி வரை போய்த் திரும்பி வந்தேன், மூன்று தடவை.

உனக்குப் படிப்பு வந்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் பையைத் தேடி ஓடியது சந்தோஷமாகத்தான் ஓடினேன். நீ எங்கே போனாலும் எல்லாரும் உன்னைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள், அதையும் பார்த்துப் பழகிவிட்டேன். ஆனால் அந்த விரிப்பு என்னுடையது. வாரத்தில் பத்து நிமிடம். நூல் கொடுத்த அன்று என்ன நடந்தது தெரியுமா? பிள்ளைகள் நூலால் ஒருவன் சட்டைப் பொத்தானை இன்னொருவன் சட்டையோடு கட்டிவிட்டார்கள். பேனாவில் மை இருந்தது.

ஜூலையில் நான் செய்யவில்லை. ஐயாவிடம் காரணத்தோடு சொல்லிவிட்டேன். உனக்கு மறுபடி எழுதுவதாகச் சொன்னார். இப்போதுகூட, நீ வந்து செய்து எல்லாரும் வாயைப் பிளப்பார்களே என்று நினைத்தால் உள்ளே எரிகிறது. மன்னித்துவிடு என்று எழுதும்போதே எரிகிறது. அதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

அக்கா

ஜூன் 11

அக்கா,

உன் சுகத்தைக் கேட்டு எழுத இன்று மனம் இல்லை. முழங்காலை மட்டும் பார்த்துக்கொள்.

கோபமாக இருக்கிறேன். எத்தனை நாள் இருப்பேன் என்று தெரியாது, நோட்டில் கட்டம் போட்டு வைத்துக்கொள். எனக்குச் செய்ததற்கு இல்லை. நான் சபை நடுவில் விழித்துக்கொண்டு நிற்பது புதிதா? நீ கேட்டிருந்தால் நானே ஐயாவிடம் முடியாது என்று சொல்லியிருப்பேன். அதுதான் உனக்கு இன்னும் எரியும் என்று இப்போது புரிகிறது.

கண்ணாடி வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை வெளியே வந்தாள். படியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"அவங்களுக்கு நான் இல்லன்னு தெரியலைல டீச்சர்?"

"தெரியல. நானும் சிரிச்சேன். அது தப்பு."

ரொம்ப நேரம் கண்ணாடியைப் பாவாடையில் துடைத்தாள். "அந்த விளையாட்டை நீங்களா யோசிச்சீங்க?"

"இல்ல. எங்க அக்கா சொல்லிக் கொடுத்தாங்க."

"அவங்களுக்குத் தெரியுமா, இப்படி ஆகும்னு?"

நான் பொய் சொல்லவில்லை. "தெரியும்" என்றேன்.

"அப்புறம் ஏன் சொன்னாங்க?"

அதை அவளிடம் நீயே சொல். நாலு பக்கம் எழுதாதே, பாடம் நடத்தாதே. ஒன்பது வயசுக்குப் புரிகிற மாதிரி எழுது. உனக்குத்தான் அதில் பதினோரு வருட அனுபவம் இருக்கிறதே.

தங்கை

ஜூன் 18

கண்ணாடி போட்ட பெண்ணுக்கு,

நான் உன் டீச்சரின் அக்கா. நீ என்னைப் பார்த்ததில்லை. உனக்குக் கண் வலி எதுவும் இல்லாமல் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். நேற்று முதல்தான் ஜெபிக்கிறேன். அதற்கு முன் உன்னை நான் நினைக்கவில்லை.

நீ ஏன் என்று கேட்டாயாம். சொல்கிறேன்.

உன் டீச்சர் பேசினால் பிள்ளைகள் எல்லாரும் கேட்கிறார்கள். நான் பேசினால் வாசலைப் பார்க்கிறார்கள். எனக்குப் பொறாமை. உன் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் புதுப் பென்சில் பெட்டி கிடைத்தால் உனக்கு வருமே, அதேதான். பெரியவர்களுக்கும் வரும். இன்னும் பெரியதாக வரும்.

அந்த விளையாட்டை நான் ஏற்கெனவே இங்கே செய்திருக்கிறேன். ஒளிந்த பெண்ணை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவள் பேர் எனக்கே மறந்துபோனது. அவள் ரொம்ப நேரம் உள்ளே இருந்தாள். அப்படி ஆகும் என்று தெரிந்துதான் உன் டீச்சருக்கு அதைச் சொன்னேன். டீச்சர் தோற்க வேண்டும் என்று சொன்னேன். நீ உள்ளே இருப்பாய் என்பதை நான் எண்ணவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிறவள் நான், உன்னை விட்டுவிட்டேன்.

உன்னை யாரும் சொல்லாதது உன் குற்றம் இல்லை. உனக்குச் சொன்னபடி நீ சத்தம் போடாமல் சரியாக ஒளிந்தாய். தப்பு என்னுடையது. வேறு யாருடையதும் இல்லை.

இந்தக் கதைக்குப் பாடம் ஒன்றும் இல்லை. மன்னித்துவிடு என்று கேட்கிறேன். முடியாது என்றாலும் சரி.

டீச்சரின் அக்கா

ஜூன் 29

டீச்சரோட அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். அம்மாவிடம் காட்டவில்லை.

பென்சில் பெட்டிக்கு எனக்குப் பொறாமை வராது. எனக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் முடி மேல்தான் பொறாமை.

டீச்சர் உங்கள் ஊருக்கு ஜூலையில் வருகிறார்கள். என்னையும் கூட்டி வருவதாகச் சொன்னார்கள். நான் வருவேன். விரிப்பில் உட்கார மாட்டேன், டீச்சர் பக்கத்தில் நிற்பேன். யார் யார் இல்லை என்று நான்தான் முதலில் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். எல்லாருடைய பேரையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

உங்களை மன்னிக்கிறேனா என்று இன்னும் யோசிக்கவில்லை.

ஒன்று கேட்கணும். உங்கள் ஊரில் ஒளிந்த அந்த அக்காவுக்கும் இதே மாதிரி கடிதம் எழுதினீர்களா? எனக்கு எழுதினதில் அவங்களைப் பற்றி இருக்கிறது, ஆனால் அவங்களுக்கு எழுதினதாக இல்லை. அவங்க ரொம்ப நேரம் உள்ளே இருந்தாங்க என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எனக்குப் பதில் போட வேண்டாம். முதலில் அவங்களுக்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடி